இரத்தத்துக்கு இரண்டு முதலெழுத்து

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று இரத்த வகை பற்றியவை. இருபத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நின்றவள் என்பதால் ஆசிரியர் மூன்றையும் ஒன்றாகக் கட்டி என்னிடம் அனுப்பிவிட்டார். யார் எழுதியது என்று தெரியாதபடி விவரங்களைக் குறைத்திருக்கிறேன். ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

முதல் கடிதம்: நான் ஏ பொசிற்றிவ், கணவர் பி பொசிற்றிவ். ஐந்து வயது மகனை டெங்குக் காய்ச்சலுக்கு வாட்டில் வைத்திருந்தபோது ஓ பொசிற்றிவ் என்று எழுதியிருக்கிறார்கள். "எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் ஓ இல்லையே" என்று மாமி சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இப்படி நடக்குமா அக்கா? – சாவகச்சேரி வாசகி

நடக்கும் தங்கச்சி, தாராளமாக நடக்கும். முதலில் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள், மிச்சத்தை விடிய எழும்பி வாசிக்கலாம்.

எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு முதலெழுத்துத்தான், அதுவும் தகப்பனுடையது. இரத்தம் அப்படி ஓரவஞ்சனை செய்வதில்லை. அதற்கு இரண்டு முதலெழுத்து. ஒன்று தாய் தந்தது, மற்றது தகப்பன் தந்தது. ஒவ்வொன்றும் ஏ, பி, ஓ என்ற மூன்றில் ஏதோ ஒன்றாக இருக்கும். ஆனால் கிளினிக் கொப்பியில் எழுதுவது அந்த இரண்டையும் அல்ல, வெளியில் தெரிவதை மட்டும்தான்.

ஏ என்ற எழுத்து செங்குருதிக் கலத்தின் மேல் ஒருவகைச் சீனியை ஒட்டிவிடுகிறது. பி ஒட்டுவது இன்னொரு வகைச் சீனி. ஓ ஒன்றையும் ஒட்டாது, சும்மா இருக்கும். ஆகவே ஏ-யும் ஓ-வும் உள்ளவர் பார்வைக்கு ஏ. பி-யும் ஓ-வும் உள்ளவர் பார்வைக்கு பி. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைப்பதில்லை, இரண்டும் தெரியும், அதுதான் ஏபி. ஓ தெரிய வேண்டுமென்றால் இரண்டு பக்கத்தாலும் ஓ வந்திருக்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு அப்படித்தான் வந்திருக்கிறது. உங்களிடம் ஏ-க்குப் பின்னால் ஒரு ஓ, அவரிடம் பி-க்குப் பின்னால் ஒரு ஓ. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஏ, பி, ஏபி, ஓ என்ற நான்கில் எதுவும் பிறக்கலாம், ஒவ்வொன்றுக்கும் காற்பங்கு வாய்ப்பு. அதற்காக நாலு பிள்ளை பெற்றால் ஆளுக்கொன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுப் புதிதாகக் குலுக்கப்படுகிறது. என் ஐயா ஏ, அம்மா பி. நாங்கள் ஐந்து பேர்: மூன்று பேர் ஓ, இரண்டு பேர் ஏபி. ஐந்தில் ஒன்றுகூடப் பெற்றவர்களைப்போல இல்லை. முகத்தைப் பார்த்தால் மட்டும் ஐவரும் ஐயாவை உரித்து வைத்தமாதிரி.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் வைத்தியர் அல்ல என்பது எனக்குப் பிடித்த விஷயம். வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பிரித்து எழுதியது 1901இல். அவை பிள்ளைக்கு எப்படி இறங்குகின்றன என்பதில் பல வருடம் குழம்பினார்கள். மூன்று எழுத்து, அதில் இரண்டுதான் ஒருவருக்கு என்று 1924இல் தீர்த்து வைத்தவர் பெலிக்ஸ் பேர்ன்ஸ்டைன் என்ற ஜெர்மன் கணிதப் பேராசிரியர்.

இனி மாமியின் கதைக்கு வருவோம். உங்கள் கணவரிடம் ஒளிந்திருந்த ஓ வானத்திலிருந்து விழவில்லை. ஒன்றில் மாமி கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாமா. அவர்களும் ஏ, பி என்று காட்டிக்கொண்டே அதைப் பதுக்கி வைத்திருக்கலாம், தலைமுறை தலைமுறையாக. அதோடு, "எங்கட பக்கம்" என்றால் எத்தனை பேருடையதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்? சாரதி அனுமதிப் பத்திரம் எடுக்கும்வரை தன் வகையே தெரியாதவர்கள்தான் நம்மில் அதிகம். இதை மாமிக்குச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் வீட்டு விஷயம். நானென்றால் சொல்வேன்.

இரண்டாவது கடிதம்: நான் ஏபி பொசிற்றிவ், மனைவி ஓ பொசிற்றிவ். மகள் பிறந்தபோது தந்த துண்டில் ஓ பொசிற்றிவ் என்றிருக்கிறது. ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது என்று இணையத்தில் வாசித்தேன். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. மனைவியிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. – ஊர் வேண்டாம்

கேட்காமல் இருந்தீர்களே, நல்லது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருங்கள்.

நீங்கள் வாசித்த விதி சரிதான். உங்களிடம் இருக்கும் இரண்டு எழுத்தும் ஏ, பி. கொடுப்பதற்கு ஓ இல்லை. ஆகவே உங்களுக்கும் ஓ மனைவிக்கும் ஏ பிள்ளை அல்லது பி பிள்ளை. ஆனால் அந்த விதி இரத்தத்துக்கு உரியது. உங்கள் கையில் இருப்பது ஒரு துண்டுக் கடதாசி. இரத்தத்தை நான் நம்புவேன். துண்டை, இத்தனை வருடம் எழுதிக் கொடுத்தவள் என்ற முறையில், உடனே நம்ப மாட்டேன்.

எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் விளங்கும். வெள்ளை ஓட்டில் மூன்று துளி இரத்தம். ஒன்றில் நீல மருந்து, ஒன்றில் மஞ்சள், மற்றதில் நிறமில்லாதது. குச்சியால் கலக்கி, ஓட்டைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். நீலத்தில் பால் திரைவதுபோலச் சிவப்பு திரித்திரியாகப் பிரிந்தால் ஏ. மஞ்சளில் பிரிந்தால் பி. இரண்டிலும் பிரிந்தால் ஏபி. இரண்டிலும் அசையாமல் நின்றால் ஓ. மூன்றாவது துளி பொசிற்றிவா நெகற்றிவா, அதாவது கலத்தின் மேல் டி என்ற பொருள் உண்டா இல்லையா என்று சொல்லும்.

பெரியவர்களுக்கு இந்தத் திரைவு பட்டென்று தெரியும். பிறந்த குழந்தைக்கு அப்படியில்லை. கலத்தின் மேல் அந்தச் சீனி இன்னும் முழுதாக வந்திருக்காது, திரைவதும் மெலிதாக இருக்கும். பெரியவர்களிடம் இரத்தத்தின் தெளிந்த நீரில் (சீரம்) உள்ள எதிர்ப்பொருளைக் கொண்டு எதிர்ப்பக்கமாகவும் ஒரு தடவை சரிபார்ப்போம். குழந்தையின் உடல் அந்த எதிர்ப்பொருளைத் தானாக உண்டாக்கச் சில மாதம் செல்லும் என்பதால் அந்த வழியும் இல்லை. விடியப்புறம் மூன்று மணிக்கு, களைத்த கண் ஒன்று அந்த மெல்லிய திரைவைக் காணாமல் ஓ என்று எழுதுவது பெரிய அதிசயமில்லை.

கண் பிழைக்காவிட்டாலும் கை பிழைக்கும். 1994, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரே வாட்டில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள், முதலெழுத்து மட்டும் வேறு. ஆள் பற்றாக்குறையால் இரத்தமும் நானே எடுத்தேன். பெயரை எழுதி ஒட்டிவிட்டு எடுக்க வேண்டும் என்பது சட்டம். நான் எடுத்துவிட்டு ஒட்டினேன், முதலெழுத்தையும் விட்டுவிட்டேன். பி-க்காரிக்கு ஏ என்று துண்டு போனது. ஏற்ற வந்த ஏ இரத்தத்தை அவவிடம் புதிதாக எடுத்த இரத்தத்தோடு பொருத்தம் பார்த்த அக்கா, கட்டிபட்ட ரியூப்பை என் முகத்துக்கு நேரே பிடித்தா. ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு துளி ஏறமுதல் பிடிபட்டதால் அந்தப் பெண் தப்பினா, நானும் தப்பினேன். அதற்குப் பிறகு முதலெழுத்து இல்லாத ரியூப்பை நான் தொட்டதே கிடையாது.

ஆகவே மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் திரும்பப் பாருங்கள், எதிர்ப்பக்கச் சோதனையும் செய்யச் சொல்லி. மகளுடையதை மட்டுமல்ல, உங்களுடையதையும். உங்களுக்கு ஏபி என்று எழுதியவரும் மனிதர்தானே.

அதற்குப் பிறகும் அதே முடிவு வந்தால் இரண்டு அபூர்வ வாய்ப்பு உண்டு. ஏ, பி சீனிகள் ஒட்டுவதற்கு அடியில் ஒரு பிடி வேண்டும். சிலரிடம் அந்தப் பிடியே இராது. ஏ எழுத்து இருந்தாலும் ஒட்ட இடமில்லாமல் ஓ போலத் தெரிவார்கள். 1952இல் பம்பாயில் பெண்டேயும் கூட்டாளிகளும் கண்டு எழுதியதால் பம்பாய் வகை என்று பெயர். அவர்களுக்குச் சாதாரண ஓ இரத்தம்கூட ஏற்ற முடியாது, அதே வகைதான் வேண்டும். சந்தேகம் ஒருபுறம் கிடக்க, மகளின் உயிருக்காகவே இது தெரிந்திருக்க வேண்டும். மற்றது, ஏ-யும் பி-யும் ஒரே எழுத்தில் ஒட்டிப்பிறந்ததுபோல வருவது. அப்படிப்பட்ட ஏபி-க்காரரிடம் கொடுக்க ஓ-வும் இருக்கக்கூடும். என் அனுபவத்தில் ஒன்றையும் கண்டதில்லை.

இன்னொன்று. இரத்த வகை சில வேளை "இவர் இல்லை" என்று சொல்லும், "இவர்தான்" என்று ஒருநாளும் சொல்லாது. 1940களில் சார்லி சப்ளின் மேல் தகப்பன் வழக்கு வந்தது. அவர் ஓ, தாய் ஏ, பிள்ளை பி. கணக்கு அவரை விடுவித்தது. ஆனாலும் கலிபோர்னியா ஜூரிகள் அவர்தான் தகப்பன் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் மரபணுச் சோதனைதான். அது வேண்டுமா என்பதை ஒன்பது வருடம் தோளில் தூக்கிய பிள்ளையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது கடிதம்: மகளும் பேசிவரும் மாப்பிள்ளையும் பி பொசிற்றிவ். குறிப்புப் பொருந்திவிட்டது. ஒரே இரத்தம் என்றால் சகோதர முறை, செய்யக்கூடாது என்கிறார் தரகர். – கொக்குவில் தாய்

பத்துப் பொருத்தம் போதாமல் பதினோராவதும் கண்டுபிடித்துவிட்டாரா? ஒரே வகை என்பதால் ஒரு குறையும் வராது. தரகர் சொல்வதுதான் நியாயமென்றால், ஓ-க்காரர் நிறைந்த இந்த நாட்டில் பாதிப்பேர் பிரமச்சாரிதான்.

பெண் நெகற்றிவ், மாப்பிள்ளை பொசிற்றிவ் என்றால் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அதுகூடத் தடை அல்ல. பிள்ளை பொசிற்றிவாக இருந்தால், பிரசவத்தில் அதன் இரத்தம் கலந்து, தாயின் உடல் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும், ஆபத்து அடுத்ததற்கு. பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி போட்டால் அந்தப் பழக்கமே வராமல் தடுக்கலாம். கரு கலைந்தாலும் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கலியாணத்துக்கு முன் ஏதாவது பார்ப்பதென்றால் இருவருக்கும் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனையைப் பாருங்கள், பிரயோசனம் உண்டு.

உங்கள் மகள் பொசிற்றிவ், ஊசிக் கதை அவளுக்குத் தேவைப்படாது. வேறு யாரும் வாசிப்பார்கள் என்றுதான் எழுதினேன். நாளைக்குத் தரகர் வந்தால் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, அவருடைய வகையும் மனைவியுடைய வகையும் என்னவென்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.