இரண்டு கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கனடாவில், டொரண்டோவின் ஸ்காபரோவில் பேஸ்மென்ட் அறைக்கு வாடகை 850 டொலர். பக்கத்து நகரான மார்க்கத்தில் வெயர்ஹவுஸ் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை பிடிப்பெல்லாம் போக 1,400 டொலர் கைக்கு வருகிறது. வீட்டுக்கு மாதம் 400 அனுப்புகிறீர்கள். வந்து நாலு மாதமாகியும் வங்கியில் ஒன்றும் இல்லை. இந்தச் சம்பளத்தில் சேமிக்க முடியுமா?

முடியும். உங்கள் கணக்கையே எடுத்துப் பாருங்கள். வாடகை 850, சமைத்துச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு 350, பஸ்ஸுக்கு 160, போனுக்கு 40, வீட்டுக்கு 400. எல்லாம் சேர்த்து 1,800. மாதம் வருவது 2,800. ஆயிரம் டொலர் மிஞ்ச வேண்டும், மிஞ்சவில்லை. அது எந்த வழியால் போகிறது என்று ஒரு மாதமாவது எழுதிப் பாருங்கள். எந்த வழி என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

அதற்கு முன் ஒன்று. இங்கே சம்பளம் கிழமைக் கணக்கில் வருகிறது, வாடகை மாதக் கணக்கில் போகிறது. ஒன்றாம் தேதிக்கு முன்னால் வரும் சம்பளத்தை வாடகை விழுங்கிவிடும், அடுத்த சம்பளம் வந்ததும் கை தாராளமாகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பலரின் காசு கரைகிறது. ஒவ்வொரு சம்பளத்திலும் 425 டொலரை வாடகைக்கென்று அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள். சேமிப்புக்கு 250 டொலர் சம்பள நாளிலேயே தானாக வேறு கணக்குக்கு மாறும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். வருடத்துக்கு 26 சம்பளம் வருகிறது, மாதம் இரண்டு என்று கணக்குப் போட்டால் 24தான். வருடத்தில் இரண்டு மாதங்களுக்கு மூன்றாவது சம்பளம் ஒன்று வரும். அந்த இரண்டையும் தொடாமல் வைத்தால் அதிலேயே 2,800 டொலர் சேரும்.

முதலில் மூன்று மாதச் செலவு, உங்களுக்கு 5,400 டொலர், சேரட்டும். ஏஜென்சி வழியாக வேலை என்றால் இது இன்னும் முக்கியம். வேலை குறைந்தால் நாளைக்கு வர வேண்டாம் என்று ஒரு மெசேஜ் வரும், அவ்வளவுதான். வேலையிழப்புக் காப்புறுதிக்கும் போதிய மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். புதிதாய் வந்தவர்களுக்கு அது பல நேரம் இருக்காது.

இப்போது அந்த ஆயிரம் டொலர். ஊருக்கு 400 அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அது 400இல் நிற்காது என்று எனக்குத் தெரியும். கோயில் திருவிழா, தங்கச்சியின் டியூஷன், மாமாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று இடையில் அழைப்பு வரும். மறுக்க மனம் வராது, கிரெடிட் கார்டில் எடுத்தாவது அனுப்புவோம். அம்மா அப்பாவிடம் இப்போதே மனம் விட்டுப் பேசுங்கள்: மாதம் 400 கட்டாயம் வரும், அதற்கு மேல் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று. அந்த அவசரத்துக்கென மாதம் 50 தனியாக ஒதுக்குங்கள். அவர்களுக்கு இங்கத்தைய செலவு தெரியாது. உங்கள் வாடகையை ரூபாயில் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது விழாக்கள். சாமத்தியவீடு, கல்யாணம், முதலாம் பிறந்தநாள் என்று கோடை முழுக்க மண்டபங்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் என்வலப், உடுப்பு, போக்குவரத்து. உறவு வேண்டும், அதுவும் தனியாய் வந்த பிள்ளைக்கு நிச்சயம் வேண்டும். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதை வருடத் தொடக்கத்திலேயே நீங்கள் முடிவு செய்யுங்கள். வேலைக்கு வந்து நாலு மாதமான பிள்ளையிடம் யாரும் பெரிய தொகை எதிர்பார்ப்பதில்லை.

கார் வாங்கச் சொல்லிக் கூட்டாளிகள் நெருக்குவார்கள். காரின் விலையைவிட இன்சூரன்ஸைப் பற்றி முதலில் விசாரியுங்கள். இங்கே ஓடிய அனுபவம் இல்லாத புதியவருக்கு, அதுவும் ஸ்காபரோ முகவரியில், அது மிகவும் கூட. 2024 பெப்ரவரியிலிருந்து, டொரண்டோ நகரத்து டிடிசி பஸ்ஸிலிருந்து மார்க்கம் போகும் யோர்க் ரீஜன் பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறினால், பஸ் கட்டணம் கட்டும் பிரஸ்டோ கார்டில் இரண்டாவது கட்டணம் இல்லை. வேலைக்கு அது போதும் என்றால் இந்த வருடம் கார் வேண்டாம்.

கிரெடிட் கார்டை மாதாமாதம் முழுதாகக் கட்டுங்கள். குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் மிச்சத்துக்கு வருடம் ஏறத்தாழ 20 சதவீதம் வட்டி ஓடும்.

சீட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏலச் சீட்டில் முந்தி எடுப்பவர் பெரிய கழிவு கொடுக்கிறார், கடைசிவரை காத்திருப்பவர் பிடிக்கும் ஆளை நம்பியே இருக்க வேண்டும். ஆள் ஓடினால் கேட்க வழியில்லை. கனடிய வைப்புக் காப்புறுதியில் சேர்ந்த வங்கியில் போட்ட காசுக்கு 100,000 டொலர் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் முதல் 5,400ஐச் சீட்டில் போட வேண்டாம்.

அதை டி.எஃப்.எஸ்.ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். வட்டிக்கு வரி இல்லை, வேண்டும்போது எடுக்கலாம். ஒரு கவனம்: இந்தத் திட்டம் 2009இல் தொடங்கியது, அதனால் பழைய ஆட்கள் ஒரு லட்சம் வரை போடலாம் என்பார்கள். அது அவர்களுக்கு. உங்களுக்கு நீங்கள் கனடாவில் வதிவிடமான வருடத்திலிருந்துதான் போடக்கூடிய வரம்பு தொடங்குகிறது. 2025ஆம் வருடத்துக்கான வரம்பு 7,000 டொலர். கூடப் போட்டால் கூடிய தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டவரி. ஓய்வுகாலத்துக்கான ஆர்.ஆர்.எஸ்.பி சேமிப்பு இந்தச் சம்பளத்தில் அவசரமில்லை, பிறகு பார்க்கலாம்.

அப்புறம், வருமானம் குறைவு என்று வரிக் கணக்குச் சமர்ப்பிக்காமல் விடாதீர்கள், ஏப்ரல் 30 கடைசி நாள். அதைக் கொடுத்தால்தான் வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் ஜிஎஸ்டி காசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்ந்து வரும். வந்த முதல் வருடத்துக்கு அதற்கெனத் தனிப் படிவம் உண்டு, ஆர்சி151. வருமானம் குறைந்தவர்களுக்குத் தொண்டர்கள் இலவசமாகவே வரி நிரப்பித் தருகிறார்கள், பெப்ரவரி மார்ச்சில் உங்கள் பகுதிச் சமூக நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.