அறிவியல் புனைகதைப் படத் தொடர்களில் உங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது எது? ஏன்?

ஏலியன் தொடர். யோசிக்கவே தேவையில்லை. (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதையைச் சொல்லாமல் என்னால் இதை எழுத முடியாது.)

ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற படம் என்றுதான் பலரும் இதைச் சொல்வார்கள். பயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இது விண்வெளிச் சரக்குக் கப்பலில் கூலிக்கு வேலை பார்க்கிறவர்களின் கதை. நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். நைனா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். நான் இப்போது திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். இந்தப் படங்களில் வருகிற ஆட்களை நான் சின்ன வயதிலிருந்தே தெருவில் பார்த்து வருகிறேன்.

முதல் படம் 1979இல் வந்தது, ரிட்லி ஸ்காட் இயக்கியது. நான் பார்த்தது 2006இல், பர்மா பஜாரில் வாங்கிய டிவிடியில். நைட் ஷிஃப்ட் முடித்து வந்த நைனா, தூங்கப் போகாமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் வராது. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பார்த்தார்.

ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காது. நாஸ்ட்ரோமோ என்கிற கப்பல் 2 கோடி டன் தாதுவைப் பூமிக்கு இழுத்துக்கொண்டு போகிறது. நைனா கேட்ட முதல் கேள்வி: "ரெண்டு கோடி டன்னுக்கு ஏழே பேரா?" நம் சென்னைத் துறைமுகம் ஒரு வருடம் முழுக்கக் கையாளுவதே 5 கோடி டன் அளவுக்குத்தான். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்து ஏழு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்போது இன்ஜின் பக்கம் வேலை பார்க்கிற பார்க்கர் போனஸ் பேச்சை எடுக்கிறான். எனக்கும் என் கூட்டாளி பிரெட்டுக்கும் முழுப் பங்கு வேண்டும் என்கிறான். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும் என்று கேப்டன் முடித்துவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் ஆளில்லாத ஒரு கிரகத்திலிருந்து சிக்னல் வருகிறது. இறங்கிப் பார்க்கிறது எங்கள் வேலை இல்லை, கூடுதல் காசு கொடுத்தால் போகிறோம் என்று பார்க்கர் சொல்ல, ஆஷ் என்கிற அறிவியல் அதிகாரி ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்தை அமைதியாக எடுத்து நீட்டுகிறான். போகவில்லை என்றால் பங்கு மொத்தமும் ரத்து.

இதை நைனாவுக்குச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அப்போ போவலன்னா சம்பளம் கட்டா? இத மொதல்லயே படிச்சுக் காட்டுனாங்களாமா?" அதற்கப்புறம் அவருக்கு அது வெளிநாட்டுப் படமே இல்லை.

அந்தக் கப்பலின் அழுக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதுவரை நான் பார்த்த விண்வெளிப் படங்களில் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். இங்கே குழாய், புகை, எண்ணெய்ப் பிசுக்கு. பிரெட் பூனையைத் தேடிப் போகிற இடத்தில் மேலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அவன் தொப்பியோடு அண்ணாந்து நின்று அந்தத் தண்ணீரை முகத்தில் வாங்கிக்கொள்கிறான். வேலை நடுவில் கிடைக்கிற ஒரு நிமிட ஓய்வு அது. துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறக்கினார்கள். காலையில் எங்கள் மொட்டை மாடியில் கால் வைத்தால் பாதம் கறுத்துவிடும். ஷிஃப்ட் முடிந்து வந்து குழாயடியில் நைனாவும் அதே மாதிரிதான் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். பிரெட்டுக்குப் பின்னால் அந்த வேற்றுக்கிரக ஜந்து இறங்கி வருவதை அன்றைக்கு நான் பார்க்கவே முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஜந்துவை உருவாக்கிய ஓவியர் கிகரின் வடிவமைப்பைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த ஒரு நிமிடம் போதும்.

ரிப்ளிக்கு வருகிறேன். சிகோர்னி வீவர் நடித்த பாத்திரம். திரைக்கதையில் எந்தப் பாத்திரத்தையும் ஆண் பெண் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றுதான் எழுதியிருந்தார்களாம். அதனாலோ என்னவோ, அவள் பெண் என்பதைப் படம் எங்கேயும் நின்று விளக்குவதில்லை. அவள் அங்கே அதிகாரி, அவ்வளவுதான்.

கிரகத்தில் இறங்கிய இடத்தில் ஒரு ஜந்து முகத்தில் ஒட்டிக்கொண்ட கேன் என்கிற ஊழியனைத் தூக்கிக்கொண்டு கேப்டன் கப்பல் கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே பொறுப்பில் இருப்பவள் ரிப்ளி. 24 மணி நேரம் தனிமைப்படுத்த வேண்டும், அதுதான் விதி, திறக்க மாட்டேன் என்கிறாள். அவன் செத்துவிடுவான் என்கிறார் கேப்டன். உத்தரவு போடுகிறார். அவள் அசையவில்லை. ஆஷ்தான் பொத்தானை அழுத்தித் திறந்துவிடுகிறான். அவன் கம்பெனி கடைசி நேரத்தில் ஏற்றிவிட்ட ஆள், மனிதனே இல்லை, இயந்திரம் என்று பிறகுதான் தெரிகிறது. அந்த ஜந்துவைக் கொண்டுவந்து சேர், கப்பலில் இருப்பவர்கள் போனாலும் பரவாயில்லை என்பது கம்பெனி அவனுக்குக் கொடுத்த உத்தரவு.

கதவு திறந்ததும் நைனா சொன்னார்: "அந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் வேல தெரியுது."

இந்தக் காட்சி எனக்கு வெறும் சினிமாவாக இல்லாமல் போனது 2018இல். முன்பு வேலை பார்த்த இடத்தில், மரம் ஏற்றி வந்த ஒரு கன்டெய்னருக்கு மருந்து போட்டிருந்தார்கள். மெத்தில் புரோமைடு, கிட்டத்தட்ட வாடையே தெரியாத வாயு. கதவைத் திறந்து காற்றாட விட்டு, அளந்து பார்த்துச் சான்று தந்த பிறகுதான் ஆள் உள்ளே போகலாம். மண்டையோடு போட்ட எச்சரிக்கை ஸ்டிக்கர் கதவிலேயே இருந்தது. லாரி காத்திருக்கிறது, காண்டிராக்ட் பையன்கள் நாலு பேர் தயாராக நிற்கிறார்கள். மேலேயிருந்து போன் மேல் போன். "ஒரு மணி நேரத்துல இன்னா ஆவப் போவுது, ஆள உள்ள அனுப்பு." நான் அனுப்பவில்லை. கையெழுத்தும் போடவில்லை. மறுநாள் சான்று வந்த பிறகுதான் சரக்கு இறங்கியது. அடுத்த வாரமே என்னை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தக் கதவுக் காட்சியை மட்டும் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

1986இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாவது படத்தில் ரிப்ளி 57 வருடம் கழித்துக் கண் விழிக்கிறாள். கம்பெனி அவளை உட்கார வைத்துக் கப்பலின் விலையைப் பேசுகிறது. உரிமம் பறிபோகிறது. சரக்கு இறக்கும் இடத்தில் லோடர் ஓட்டப் போகிறாள். பிறகு அந்த ஜந்துக்கள் இருக்கிற கிரகத்துக்கே ராணுவத்தோடு போகும்போது, சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டு, மனிதன் உள்ளே நின்று ஓட்டுகிற அந்த ராட்சத லோடரில் ஏறி ஒரு பெட்டியைத் தூக்கி, எங்கே வைக்கட்டும் என்று கேட்கிறாள். அந்த ஜந்துக்களின் ராட்சத ராணியோடு கடைசியில் மோதும்போது அவள் போய் ஏறுவது அதே லோடரில்தான். துப்பாக்கியில்லை, அவளுடைய வேலைக் கருவி. படப்பிடிப்பில் லோடருக்குள் வீவருக்குப் பின்னால் ஒருவர் மறைந்து நின்று அதை இயக்கினார் என்று தெரிந்த பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறிவது குறையவில்லை. நைனா இந்தக் காட்சியை மட்டும் எப்போது போட்டாலும் பார்ப்பார். "லோட நேரா வெக்கிறா பாரு" என்பார், ஒவ்வொரு தடவையும்.

மூன்றாவது படத்தின் ஈய உலை பிடிக்கும், மற்றபடி மனம் ஒட்டவில்லை. நான்காவதை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. அதே தொடரில் பிறகு வந்த பிராமிதியஸ் பார்க்க அழகு, ஆனால் அதில் கூலிக்காரர்கள் பின்னால் போய்விட்டார்கள், கடவுளைத் தேடுகிறவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள்.

2024இல் வந்த ரோமுலஸ்தான் என்னை மறுபடி பழைய இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனது. சுரங்கக் குடியிருப்பில் வேலை பார்க்கிற ரெயின் என்கிற பெண், 12,000 மணி நேரத்தை முடித்துவிட்டு ஊரைவிட்டுக் கிளம்ப அனுமதி கேட்டுக் கவுன்டருக்கு வருகிறாள். ஒதுக்கீட்டை 24,000 ஆக்கிவிட்டோம் என்று அங்கேயே, அந்த நிமிடமே சொல்லிச் சுரங்கத்துக்கு அனுப்புகிறார்கள். ஜந்து எதுவும் இன்னும் வரவில்லை. தியேட்டரில் எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான்.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் கதை சொன்னேன். முழங்கால் வலி, அவரால் தியேட்டர் படி ஏற முடியவில்லை. 24,000 என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அங்க யூனியன் ஒண்ணும் இல்லியா?"