கவுட் மருந்து தொடங்கியதும் வலி திரும்பியது ஏன்?

கேள்வி: என் கால் பெருவிரல் மூட்டு திடீரென வீங்கிக் கடுமையாக வலித்தது. கவுட் என்றார் மருத்துவர். ஆனால் அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 5.9 தான் இருந்தது. வலி தணிந்த பிறகு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தைத் தொடங்கினேன். சில வாரங்களில் மறுபடியும் அதே வலி. மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாத்திரைகள் உதவுமா?

பதில்: நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தோலில் தடிப்பு தோன்றினால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டும்போது, கரைய முடியாத பகுதி ஊசி போன்ற யூரேட் படிகங்களாக மூட்டுகளில், குறிப்பாக வெப்பநிலை குறைந்த பெருவிரல் மூட்டில், படியத் தொடங்குகிறது. இப்படிகங்கள் பல ஆண்டுகள் தொல்லை தராமலேயே இருக்கக்கூடும். அவற்றில் சில உதிரும்போது, மூட்டின் உட்சவ்வில் காவல் காக்கும் மேக்ரோபேஜ் செல்கள் அவற்றை அந்நியப் பொருள்களாகக் கருதி விழுங்குகின்றன. விழுங்கிய படிகம் செல்லுக்குள் இருக்கும் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பை முடுக்கிவிட, அதன் விளைவாக இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சிச் சமிக்ஞைப் புரதம் வெளியேறுகிறது. இத்தொடர்பு 2006-இல்தான் தெளிவாயிற்று. அந்தச் சமிக்ஞையால் ரத்தக்குழாய்கள் விரிய, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மூட்டுக்குள் திரளாகப் புகுகின்றன. போர்வை பட்டாலே தாங்க முடியாத அந்தச் சிவப்பும் சூடும் வீக்கமும் பெரும்பாலும் இவற்றின் வேலையே.

வியப்பான ஒன்று: திரண்டு வந்த நியூட்ரோஃபில்கள் மடியும்போது வெளியேற்றும் டிஎன்ஏ இழைகள் வலையாகப் பின்னி, படிகங்களைப் பொதிந்து, அழற்சிப் புரதங்களையும் சிதைக்கின்றன. சிகிச்சை இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரங்களில் வலி தானாக அடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் வலி அடங்கினாலும் படிகங்கள் மூட்டிலேயே இருக்கின்றன. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

அழற்சி உச்சத்தில் இருக்கும்போது சிறுநீரகங்கள் யூரிக் அமிலத்தை வழக்கத்தைவிடக் கூடுதலாக வெளியேற்றுவதால், அந்நேர அளவு இயல்பாகத் தெரியலாம். வலி தணிந்து இரண்டு வாரங்களாவது கழிந்த பின் எடுக்கும் அளவையே நம்பலாம்.

அலோபியூரினால் யூரிக் அமிலத்தைக் குறைக்கக் குறைக்க, பழைய படிவுகள் கரைந்து தளர்ந்து, எதிர்ப்புச் செல்களின் கண்ணில் புதிதாகப் படுகின்றன. ஆகவே தொடக்கக் காலத்தில் வரும் வலியை மருந்து தோற்றதன் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. இதைத் தடுக்கவே முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு, நியூட்ரோஃபில்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் கோல்சிசினைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். உங்களுக்கு அது தரப்பட்டதா என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். யூரிக் அமிலத்தை 6-க்குக் கீழே நிலையாக வைத்திருப்பதே இலக்கு.

எதிர்ப்புச் சக்தி மாத்திரைகளுக்கு இங்கே வேலையில்லை. கவுட் எதிர்ப்புச் சக்திக் குறைவால் வருவதன்று. வலியின்போது அச்சக்தி மிகையாகவே செயல்படுகிறது.

வீங்கிய மூட்டுடன் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால், கவுட் என்று நீங்களே முடிவு செய்து காத்திருக்காதீர்கள். மூட்டுக்குள் கிருமித்தொற்றும் இதே தோற்றத்தில் வரும். மூட்டுநீரை எடுத்துச் சோதித்தால்தான் பிரித்தறிய முடியும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.