கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஷார்குட்டரி பலகை: கேளுங்கள், சொல்கிறேன்

டொரொண்டோவில் ஒரு கடையில் சீஸும் பதப்படுத்திய இறைச்சியும் வெட்டிக் கொடுக்கும் கவுன்டருக்குப் பின்னால் பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் போதும், நம் ஆட்கள் போனை நீட்டி, இறைச்சியும் சீஸும் அடுக்கிய ஒரு பலகையின் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்பார்கள். படத்தில் இருப்பதில் பாதி, சாப்பிடுவதற்காக வைத்ததே இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி பதில். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, ஷார்குட்டரி என்றால் சீஸ் தட்டுதானே? பெயரை மாற்றி விலையை ஏற்றிவிட்டார்களா?

விலையை ஏற்றியது உண்மை, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஷார்குட்டரி என்றால் பதப்படுத்திய இறைச்சி. பிரெஞ்சில் சதைக்கு ஒரு சொல், வெந்ததற்கு ஒரு சொல், இரண்டும் ஒட்டிப் பிறந்த பெயர் இது. 15ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் சமைத்த பன்றி இறைச்சி விற்கிறவர்கள் தனிச் சங்கமாக இருந்தார்கள், அவர்கள் தொழிலுக்குத்தான் இந்தப் பெயர். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் ஒரு பன்றியை அடித்தால் வருஷம் முழுக்க வைத்துச் சாப்பிட வேண்டுமே, அதற்காக உப்பிட்டு, புகையிட்டு, காற்றில் தொங்கவிட்டு உலர்த்தினார்கள். நம் ஊர் உப்புக்கண்டம் தெரியும் இல்லையா, ஆட்டுக்கறியில் மஞ்சளும் உப்பும் தடவிக் கொடியில் கோத்துக் காய வைப்பது? அதே புத்திதான். சீஸ் பின்னால் வந்து சேர்ந்தது. பிரான்ஸில் இன்றும் சீஸ் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வரும், எல்லாவற்றையும் ஒரே பலகையில் கொட்டுவது இந்தப் பக்கத்துப் பழக்கம்.

கேள்வி: 20 பேர் வருகிறார்கள். எவ்வளவு வாங்க?

அப்புறம் என்ன சாப்பாடு என்று சொல்லவில்லையே! பிரியாணியோ ரோஸ்டோ வருகிறது என்றால் ஆளுக்கு 50 கிராம் இறைச்சி, 40-50 கிராம் சீஸ் தாராளம். 20 பேருக்கு இரண்டுமே ஒரு கிலோ சுற்றிலும்தான். பலகையே இரவுச் சாப்பாடு என்றால் இரண்டையும் இரட்டிப்பாக்குங்கள், ரொட்டியை அதற்கும் மேலே.

கேள்வி: நான் ஒன்பது வகை இறைச்சி, ஏழு வகை சீஸ் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். சரியா?

வேண்டாம். மூன்றும் மூன்றும் போதும். ஒன்பது வகை வைத்தால் எதுவும் எதுவென்று தெரியாது, எல்லாம் உப்பாக இருக்கிறது என்ற ஒரே நினைப்போடு வீட்டுக்குப் போவார்கள். பெயரைப் பார்த்து வாங்காமல், வாயில் எப்படி இருக்கும் என்று யோசித்து வாங்குங்கள். இறைச்சியில் ஒன்று மெல்லியதாகக் கரைவது, ஒன்று கடித்து மெல்லுவது, ஒன்று ரொட்டியில் தடவுவது. கரைவதற்கு ப்ரோஷூட்டோ. பார்மா ப்ரோஷூட்டோவில் பன்றித் தொடையும் கடல் உப்பும் தவிர வேறெதுவும் கிடையாது, ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கும். மெல்லுவதற்கு நல்ல சலாமி, உப்பிட்டு உலர்த்திய சாசேஜ். தடவுவதற்கு இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வரும் 'ந்தூயா'. மிளகாய் போட்டுச் சிவக்கச் சிவக்க இருக்கும், நம் நாக்குக்கு அதைப்போல ஒத்துவருவது இந்தக் கவுன்டரில் வேறில்லை.

சீஸிலும் அப்படியே: மெத்தென்று ஒன்று, கெட்டியாக ஒன்று, கொஞ்சம் வம்பு பண்ணுவது ஒன்று. வம்புக்கு ப்ளூ சீஸ் பயமாக இருந்தால் க்யூபெக் ஓகா வாங்குங்கள், 1893இல் அங்கே மடத்துத் துறவிகள் செய்யத் தொடங்கியது. மணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், ருசி சாது.

ப்ரோஷூட்டோ வெட்டித் தரும்போது ஓரத்துக் கொழுப்பை எடுத்துவிடச் சொல்லாதீர்கள், தயவு செய்து. ருசி முழுக்க அதில்தான். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே தாள் வைத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது பழைய பாலிதீன் பை மாதிரி கிழிந்து கிழிந்து வரும்.

கேள்வி: வருகிறவர்களில் இரண்டு குடும்பம் முஸ்லிம்கள், ஒரு குடும்பம் மாட்டிறைச்சி தொடாது. ஒரே பலகையில் தள்ளித் தள்ளி வைத்தால் போதாதா?

போதாது. பன்றி இறைச்சி பட்ட பலகையில் பக்கத்தில் இருக்கும் திராட்சையைக்கூட அவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் சரியில்லை. தனிப் பலகை, தனிக் கத்தி, முடிந்தால் தனி மேஜை.

இரண்டாவது பலகையை மிச்சம் மீதி போல வைக்காதீர்கள், அது பார்த்தாலே தெரிந்துவிடும். மாட்டிறைச்சியில் செய்யும் பிரெசாவ்லா ப்ரோஷூட்டோவுக்குத் துளியும் குறைந்ததல்ல. இத்தாலியில் ஆல்ப்ஸ் மலைக்குள் இருக்கும் வால்தெல்லினா பள்ளத்தாக்கின் சரக்கு. ஹலால் முத்திரையோடு கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், மாட்டு சலாமியும் அப்படியே. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்காக ஒரு தட்டில் புகையிட்ட சால்மன், புகையிட்ட வான்கோழி. மூன்றிலும் சின்னச் சீட்டில் பெயர் எழுதிக் குத்தி வையுங்கள். விருந்தாளி ஒவ்வொரு துண்டையும் காட்டி "இது என்ன இறைச்சி" என்று கேட்டுக்கொண்டே நிற்பது அவருக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

கேள்வி: நாங்கள் சைவம். சீஸ் மட்டும் சாப்பிடலாம்தானே?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பாலைத் திரிக்கப் போடும் ரென்னெட் பல சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ ரெஜானோவில் அது சட்டப்படியே கட்டாயம், வேறு எதுவும் போட முடியாது. கிரானா படானோ, கோந்த்தே, ரோக்ஃபோர் எல்லாமும் மிருக ரென்னெட்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாமி பத்து வருஷமாகப் பார்மிஜானோ வாங்கிக்கொண்டிருந்தவர், நான் சொன்ன அன்று அப்படியே கவுன்டரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து கேட்காமலே சொல்லிவிடுவேன்.

என்ன வாங்கலாம் என்றால், கனடாவில் விற்கும் செடார்களில் பலவற்றின் லேபிளில் 'மைக்ரோபியல் என்ஸைம்' என்று இருக்கும், அது நுண்ணுயிரிலிருந்து எடுப்பது, உங்களுக்கு ஆகும். போர்ச்சுகலின் செர்ரா த எஷ்ட்ரெலா கிடைத்தால் விடாதீர்கள். அதில் ஒரு முட்செடியின் பூவை ஊறவைத்து அந்தத் தண்ணீரால் ஆட்டுப்பாலைத் திரிக்கிறார்கள், செம்மறி ஆட்டுப்பால். மேல்தோலை மூடி மாதிரி வெட்டி எடுத்துவிட்டு உள்ளே ஸ்பூனை விட்டு எடுக்க வேண்டும். 'வெஜிடேரியன்' என்ற சொல்லை லேபிளில் தேடுங்கள், கடைக்காரர் தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

கேள்வி: தங்கைக்கு ஐந்து மாதம். அவளும் சாப்பிடலாமா அக்கா?

இந்தப் பலகையிலிருந்து இல்லை. லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளுக்கு அது மிகவும் ஆபத்து. 2008இல் கனடாவில் பாக்கெட் இறைச்சி வழியே அது பரவி 20 பேருக்கு மேல் இறந்து போனார்கள். ப்ரீ, கமெம்பேர் போன்ற மெத்துச் சீஸ், ப்ளூ சீஸ், காய்ச்சாத பாலில் செய்த சீஸ், பாட்டே என்ற அரைத்த இறைச்சி விழுது, குளிர்ந்த புகையிட்ட சால்மன், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள் எல்லாவற்றையும் தவிர்க்கட்டும். காய்ச்சிய பாலில் செய்த பழைய செடார் மாதிரி கெட்டிச் சீஸ் பரவாயில்லை. இறைச்சி ஆசை என்றால் ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். அவளுக்கென்று தனித் தட்டு முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், எல்லோரும் கத்தி போட்டுக் கலக்கிய பலகையிலிருந்து பொறுக்க வேண்டாம். மற்றதை அவள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: சலாமி மேலே வெள்ளையாகப் பூஞ்சை. கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

மாவு தூவினது மாதிரி வெள்ளையாக, காய்ந்து இருந்தால் அது அவர்களே வளர்த்தது, கெட்ட பூஞ்சை வராமல் காவல் காப்பது. தோலோடு உரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பச்சையாக, கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தால் தாராளமாகத் திருப்புங்கள்.

கேள்வி: பக்கத்தில் ஊறுகாய் எதற்கு? அழகுக்கா?

தயிர்சாதத்துக்கு மாவடு எதற்கோ அதற்குத்தான்! பலகை முழுக்க உப்பும் கொழுப்பும். நாலு வாய்க்கு மேல் நாக்கு மரத்துப்போகும். புளிப்பு ஒன்று நடுவே வந்தால்தான் அடுத்த வாய் இறங்கும். அதற்குத்தான் விரல் நீளத்துக்கு வினிகரில் போட்ட குட்டி வெள்ளரி, கடுகு அரைத்தது, ஆலிவ். இனிப்புக்கு அத்திப்பழ ஜாம், அல்லது ஸ்பெயினில் க்வின்ஸ் என்ற சீமை மாதுளையைக் காய்ச்சி அல்வா மாதிரி வெட்டும் மெம்பிரியோ. மான்செகோ சீஸோடு வைத்தால் அது ஒரு தனி ஜோடி.

நம் எலுமிச்சை ஊறுகாய் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். பழைய செடாரோடு வையுங்கள், அருமையாக இருக்கும், இங்கிலாந்துக்காரர்கள் மாங்காய் சட்னியை அப்படித்தான் சாப்பிடுகிறார்கள். மெத்தென்ற ப்ரீயோடு மட்டும் வேண்டாம், எண்ணெயும் பெருங்காயமும் அதை மூழ்கடித்துவிடும். ஈரமானது எல்லாம் கிண்ணத்தில். கிராக்கர் மேல் ஆலிவ் தண்ணீர் பட்டால் பத்து நிமிஷத்தில் ஊறிய அப்பளம்தான். ரொட்டி, கிராக்கர் எல்லாம் மணி அடிக்கும் நேரத்தில் கடைசியாக.

கேள்வி: காலையிலேயே அடுக்கி மேஜையில் வைத்துவிடலாமா? ஃப்ரிட்ஜில் இடமில்லை, பால்கனி இருக்கிறது.

பால்கனியை நானும் செய்திருக்கிறேன். முதல் டிசம்பரில் ஒரு முழு கமெம்பேரை இரவு வெளியே வைத்துவிட்டேன், பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி. காலையில் கல். உருகின பிறகு மாவு மாதிரி உதிர்ந்தது, என் கணவர் "இதுதான் நீ பெருமையடித்த சீஸா" என்றார். பால்கனியின் குளிர் நம் சொல்லைக் கேட்காது, குளிர்பெட்டியும் ஐஸும் நல்லது.

காலையில் அடுக்குவது சரிவராது. 4 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிக்குக் கொண்டாட்டம், இங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு இரண்டு மணி நேரம். கெட்டிச் சீஸை முந்தின இரவே வெட்டித் தாளில் சுற்றி வையுங்கள். சீஸை விருந்தாளி வருவதற்கு 45 நிமிஷம் முன்னால் வெளியே எடுங்கள், ஃப்ரிட்ஜ் குளிரில் மணம் அடங்கிக் கிடக்கும். இறைச்சி பதினைந்து நிமிஷம் முன்னால் போதும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைக்காமல் பாதியை உள்ளே வைத்திருந்து நிரப்பினால், ஏழு மணிக்கு வருகிறவரும் ஒன்பது மணிக்கு வருகிறவரும் ஒரே பலகையைப் பார்ப்பார்கள். நம் வீட்டு விருந்தில் ஒன்பது மணிக்காரர்கள்தானே அதிகம்.

கேள்வி: சலாமியில் ரோஜாப்பூ செய்வது எப்படி?

கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக மடித்துக் கவிழ்த்தால் ரோஜா. செய்யலாம். ஆனால் யாரும் அதைப் பிரிக்கத் துணிய மாட்டார்கள், துணிந்தால் விரல் விட்டுப் பிய்ப்பார்கள், முப்பது துண்டு உங்கள் கைபட்டுச் சூடாகி எண்ணெய் விட்டிருக்கும். தளர மடித்துக் குவித்து வைத்தாலே அழகு.

கேள்வி: சுற்றிலும் ஹாலி இலையும் அந்தச் சிவப்புப் பழமும் வைத்தால் கிறிஸ்துமஸ் மாதிரி இருக்குமே?

பழம் விஷம். மிசில்டோவும் அப்படியே. பலகையில் இருப்பதெல்லாம் தின்னத் தகுந்தது என்றுதான் விருந்தாளி நினைப்பார், குழந்தை நிச்சயமாக நினைக்கும். ரோஸ்மேரிக் கொத்தும் மாதுளை முத்தும் வையுங்கள், பச்சையும் சிவப்பும் வந்துவிட்டது.

கேள்வி: குழந்தைகள் ஆறு பேர். ஒருவனுக்குக் கொட்டைகள் ஆகாது.

திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், முழுத் திராட்சை சின்னக் குழந்தைகள் தொண்டையில் அடைக்கும். கொட்டை விஷயத்தில் பாதாமை எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மோர்டடெல்லா என்ற இத்தாலியப் பன்றி சாசேஜில் பிஸ்தா ஒளிந்திருக்கும், பல கிராக்கரில் வால்நட் இருக்கும், பாட்டேயிலும் இருக்கலாம்.

கேள்வி: இதெல்லாம் புற்றுநோய் என்கிறார்களே?

என்கிறார்கள், உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியை முதல் வகையில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. 'தினமும்' என்பதைக் கவனியுங்கள். நான் விற்றவள், ஆனாலும் என் பிள்ளைகளின் பள்ளிக்கூட டப்பாவில் சலாமி வைத்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வைக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் மது கிடையாது. குடிக்க என்ன?

இஞ்சி ஏல், அதாவது இஞ்சிச் சோடா. டொரொண்டோவிலேயே 1904இல் பிறந்த கனடா ட்ரை இருக்கும்போது வேறென்ன? இன்னொன்று, பால் விடாத சூடான பிளேன் டீ. கொழுப்பை வாயிலிருந்து கழுவிவிடும், கெட்டிச் சீஸுக்கு அதைப்போல ஒன்றுமில்லை. ஒயின் ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கேள்வி: மிச்சத்தை என்ன செய்ய? போன வருஷம் மாமியார் ப்ளூ சீஸைக் கெட்டுப்போனது என்று குப்பையில் போட்டுவிட்டார்.

பாவம், அவர் மேல் தப்பில்லை, பார்த்தால் அப்படித்தான் இருக்கும்! இந்தத் தடவை டப்பாவில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்த மெத்துச் சீஸும் பாட்டேயும் சால்மனும் வான்கோழியும் குப்பைக்குத்தான், யோசிக்காதீர்கள். கெட்டிச் சீஸ் பிழைக்கும். உள்ளேயே வைத்திருந்த சலாமித் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, எண்ணெயே விடாமல் சட்டியில் போட்டு மொறுமொறுவென்று வந்ததும் வெங்காயம், பச்சை மிளகாய், மூன்று முட்டை. உப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள்.