சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க் போகிறீர்களா? சிஸ்டரிடம் கேளுங்கள்

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. ஒரு வாட்டர் தீம் பார்க்கின் முதலுதவி அறையில் பல வருஷம் நர்ஸாக இருந்தேன். அங்கே பெரிய விபத்தைப் பார்த்ததை விட, வெயிலில் துவண்டு வந்த பிள்ளைகளையும், சறுக்கில் கால் மடங்கிய பிள்ளைகளையும், கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டு ஏங்கி அழுத பிள்ளைகளையும்தான் அதிகம் பார்த்தேன். முக்கால்வாசி தவிர்த்திருக்கக் கூடியவை. பொள்ளாச்சி, கோவை, சித்தூர்-தத்தமங்கலம், பாலக்காடு பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பெரியவளுக்கு 6 வயசு, சின்னவனுக்கு 2. அம்மாவும் வருகிறார், எழுபது தாண்டியவர். மலம்புழா அணை, பக்கத்திலேயே ஃபேன்டஸி பார்க், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா சிஸ்டர்? (பொள்ளாச்சி)

வேண்டாங்க. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு வெளியில் நல்ல மனநிலை இரண்டு மூன்று மணி நேரம்தான் நிற்கும். அப்புறம் தூக்கம், பசி, அழுகை. அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்க்கில் நடப்பவருக்கும் நாள் போய்விடும்.

நீங்கள் சொல்லும் கூட்டத்துக்கு அணைத் தோட்டம்தான் சரி. 1955-ல் காமராஜர் திறந்து வைத்த அணை அது. அப்போது மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்தது என்று உங்கள் அம்மாவே பேத்திக்குச் சொல்வார். நிழல் உண்டு, உட்கார இடம் உண்டு. மீன் வடிவத்தில் கட்டிய மீன் காட்சியகம், பாம்புப் பூங்கா, உடைந்த வளையலும் ஓட்டுத் துண்டுகளும் வைத்துச் சண்டிகர் சிற்பி நேக் சந்த் அமைத்த ராக் கார்டன், இவை போதும். பெரியவளை இன்னொரு நாள் அப்பாவோ அம்மாவோ தனியாக ரைடுக்குக் கூட்டிப்போங்கள். தம்பி இல்லாமல் தனக்கே தனக்கென்று ஒரு நாள் கிடைப்பது ஆறு வயசுக்காரிக்குப் பெரிய விஷயம்.

எந்த மாதம் நல்லது? நாங்கள் எப்போதும் மே மாதம்தான் போகிறோம். (கோவை, சுந்தராபுரம்)

மே மாதம் கடைசித் தேர்வாக இருக்கட்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பள்ளி லீவு ஒன்றாக வருகிற சமயம் அது. பாலக்காட்டு வெயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. கேரளம் என்றாலே குளுமை என்று நினைத்து வருகிறவர்கள் எல்லையில் இருக்கும் வாளையார் தாண்டியதும் திகைப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இங்கே மட்டும் ஒரு பெரிய இடைவெளி, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கிழக்கே இருக்கிற சூடான காற்று அதன் வழியாக நேரே வந்துவிடுகிறது.

டிசம்பர், ஜனவரியில் வெயில் தாங்கும். ஆனால் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும். ஈர உடம்போடு அந்தக் காற்றில் நின்றால் சின்னப் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து நடுக்கம் வந்துவிடும். தண்ணீரிலிருந்து தூக்கியதும் துவட்டி உலர்ந்த சட்டை போட்டுவிட வேண்டும். தனியாக ஒரு டவலைப் பிளாஸ்டிக் கவரில் நனையாமல் வைத்திருங்கள்.

அக்டோபர், நவம்பரில், துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழையில், மதியத்துக்கு மேல் இடி மின்னல் வரும். மின்னல் என்றால் தண்ணீர் ரைடுகளையும் உயரமான ரைடுகளையும் நிறுத்துவார்கள், நிறுத்தியே ஆக வேண்டும். அதனால் திறந்தவெளி ரைடுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எந்த மாதமானாலும் செவ்வாய், புதன் போல வார நடுவில் ஒரு நாள் கிடைத்தால் விடாதீர்கள். ஓணம் வாரத்தைத் தவிருங்கள். பொங்கலுக்கு நம் பக்கம் மட்டும்தானே லீவு என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: பாலக்காடு மாவட்டத்துக்கும் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை உண்டு.

பையன் உயரம் கொஞ்சம்தான் குறைவு. ஊழியர் விடவே இல்லை. ரெண்டு செ.மீ.க்கு இவ்வளவு கண்டிப்பா? (திருப்பூர்)

அந்த ஊழியர் உங்கள் பையனுக்கு நல்லது செய்திருக்கிறார். ரைடில் உட்கார்ந்ததும் தொடை மேல் ஒரு கம்பியோ தோள் மேல் ஒரு பட்டையோ இறங்கும் அல்லவா, அது ஒரு குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடிக்கத்தான் செய்யப்பட்டது. சின்னப் பிள்ளைக்கு இடுப்பு ஒடுக்கம். வண்டி திடீரென்று இறங்கும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும். அந்த நேரத்தில் கம்பிக்குக் கீழே வழுக்கி வெளியே வந்துவிடலாம். பக்கத்தில் நீங்கள் இறுக்கிப் பிடித்திருந்தாலும் அந்த வேகத்தில் நிற்காது. குண்டான பெரியவரோடு ஒரே கம்பியின் கீழ் ஒல்லிப் பிள்ளையை உட்கார வைத்தால், கம்பி பெரியவரின் வயிற்றில் நின்றுவிடும், பிள்ளைக்கு மேலே இடைவெளி. அதையும் கவனியுங்கள்.

கனமான செருப்பு, தூக்கிக் கட்டிய கொண்டை, நுனிக்கால் எல்லாம் வைத்து உயரம் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். வீட்டிலேயே வெறுங்காலில் சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுங்கள். எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் என்று போன் பண்ணிக் கேட்டு, "இது உனக்கு அடுத்த வருஷம், இதெல்லாம் இந்த வருஷம்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு இல்லை என்று கேட்டால்தான் மனசு உடைகிறது.

டிக்கெட்டும் பல இடங்களில் வயசுக்கு அல்ல, உயரத்துக்குத்தான். 2000-த்தில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய கொச்சி வொண்டர்லாவில் 85 செ.மீ.க்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. புக் பண்ணும் முன் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கலாமா? தனியாக விடப் பயமாக இருக்கிறது. (பாலக்காடு, ஒலவக்கோடு)

வேண்டாம். அக்கறையில்தான் எல்லோரும் இதைச் செய்கிறார்கள், ஆனால் மடியில் வைத்துச் சறுக்கும்போதுதான் ஒன்று, இரண்டு வயசுப் பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேல் எலும்பு விரிசல் விடுகிறது. பிள்ளையின் பாதம் சறுக்கின் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும், பின்னால் உங்கள் எடை தள்ளிக்கொண்டே இருக்கும், கால் திருகிவிடும். தனியாகச் சறுக்கினால் கால் மாட்டியதும் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். தனியாகப் போகிற அளவுக்குச் சின்னச் சறுக்கு இருந்தால் அதில் விடுங்கள், கீழே நீங்கள் நில்லுங்கள். அது இல்லை என்றால் இந்த வருஷம் சறுக்கு வேண்டாம். சறுக்கிய பிறகு பிள்ளை காலை ஊன்ற மறுத்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

சுடிதாரோடு தண்ணீரில் இறங்க விடவில்லை. நைலான் டிரஸ் விற்பதற்காகவா இந்த விதி? (உடுமலை)

பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும். துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் சறுக்கின் இணைப்பிலோ கழுத்திலோ மாட்டும். விதி நியாயமானதுதான். முழுக்கை, முழுக்கால் நைலான் உடையை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். வெயிலுக்கும் அது காப்பு.

கையில் காற்றடைத்த வளையம் மாட்டினால் மூன்று வயசுப் பையனை வேவ் பூலில் விடலாமா? லைஃப்கார்டும் இருக்கிறார்களே? (கோவை, குனியமுத்தூர்)

இந்தக் கேள்விக்காகவே நான் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கை வளையம் விளையாட்டுச் சாமான். வழுக்கிக் கழன்றுவிடும், காற்று இறங்கிவிடும். அதை நம்பி ஒரு நொடி கூடப் பார்வையை எடுக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கும் பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கொஞ்ச நேரம் மூச்சு இழுக்கவே போதாது, எங்கே கத்துவது? கைகள் தானாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், மேலே தூக்க முடியாது. பார்க்கிறவருக்குப் பிள்ளை சும்மா நிற்பது போலத்தான் தெரியும். சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிற காரியம் இது. முழங்கால் அளவுத் தண்ணீரிலும் நடக்கும், ஏனென்றால் அலை தட்டிக் குப்புற விழுந்த மூன்று வயசுப் பிள்ளைக்கு எழுந்திருக்கத் தெரியாது.

லைஃப்கார்ட் நூறு தலைகளைப் பார்க்கிறார். உங்கள் பிள்ளையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் வரை பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குடும்பத்தில் நான்கு பெரியவர்கள் இருந்தால் நான்கு பேரும் மற்றவர் பார்ப்பார் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் முறை வையுங்கள்: இப்போது நீ, அரை மணி கழித்து நான். முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது. அலை தொடங்கும் முன் மணியோ சைரனோ அடித்தால் உடனே பிள்ளையை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

தண்ணீர் குடித்து மூச்சுத் திணறிய பிள்ளை அப்புறம் விடாமல் இருமினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

வெளிச் சாப்பாடு விட மாட்டார்களாமே. பிள்ளைக்கு என்ன கொடுப்பது? (சித்தூர்)

பெரும்பாலான பார்க்குகள் விடுவதில்லை. கைக்குழந்தை உணவுக்குப் பொதுவாகத் தடை சொல்வதில்லை, முன்பே கேட்டுவிடுங்கள். காலையில் வயிற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எலப்புள்ளி வழியாகப் போனால் ராமசேரி இட்லி இருக்கிறதே! காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானையில் துணி விரித்துச் சுடுகிற தட்டை இட்லி. மெத்தென்று இருக்கும், பிள்ளைகள் மறுக்காமல் தின்னும். வாங்கிக் காரில் வைத்தால் திரும்பும்போதும் கெடாது.

ஓ.ஆர்.எஸ். என்று டெட்ரா பாக்கெட்டில் விற்றதை வாங்கிக் கொடுப்போம். சரியா? (பொள்ளாச்சி)

அவற்றில் பல உண்மையான ஓ.ஆர்.எஸ். அல்ல, சர்க்கரை அதிகமுள்ள பழச்சாறு வகை. பான வகைகளின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லே வரக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மெடிக்கல் ஷாப்பில் பொடி பாக்கெட் வாங்குங்கள். அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கக் கூடாது.

சாதாரணமாக விளையாடும் பிள்ளைக்குத் தண்ணீர், மோர், இளநீர் போதும். தாகம் என்று பிள்ளை சொல்லும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு ரைடு முடிந்ததும் நாலு வாய் கொடுங்கள். தண்ணீரில் நனைந்துகொண்டே இருப்பதால் வியர்ப்பது தெரியாது. பல மணி நேரம் ஒன்றுக்குப் போகவில்லை, போனாலும் அடர் மஞ்சள், தலைவலி, சோர்வு என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். உளறினாலோ, எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டாலோ 108.

டயப்பரோடு தண்ணீரில் விடலாமா? (கோவை)

நீச்சல் டயப்பர் மட்டும். சாதாரணமானது ஊதிக் கிழிந்துவிடும். நீச்சல் டயப்பரும் கிருமியைத் தடுக்காது. வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையை நின்ற பிறகும் இரண்டு வாரம் பொதுக் குளத்தில் இறக்காதீர்கள், குளோரினில் நாள் கணக்கில் சாகாத கிருமியும் உண்டு.

கார் ஏறினாலே வாந்தி எடுக்கிற பெண். ரைடு ஏற்றலாமா? (நெம்மாறா)

சுற்றுகிற ரைடுகளை விட்டுவிடுங்கள். கப் அண்ட் சாசர் மாதிரி சுற்றுவதுதான் அதிகம் குமட்டும். சின்ன ரயில், மெதுவான ஜெயின்ட் வீல் பரவாயில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். வாந்தி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிட்டால்? கேரளத்தில் பாஷையும் தெரியாதே. (ஈரோடு)

பாலக்காட்டுப் பக்கம் தமிழ் தெரியாத ஊழியரைத்தான் தேட வேண்டும், அந்தக் கவலை வேண்டாம். கஷ்டம் எதில் தெரியுமா? "அம்மா பேர் என்ன கண்ணு?" என்று கேட்டால் "அம்மா" என்று சொல்லும் பிள்ளைகள்தான் அதிகம். உங்கள் முழுப் பெயரையும் ஊரையும் போகும் முன்பே சொல்லிக் கொடுங்கள். போன் நம்பரைப் பால்பாயிண்ட் பேனாவால் முன்கையின் உள்பக்கம் எழுதுங்கள், தண்ணீரில் மங்கும்போது திரும்ப எழுதுங்கள். காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. உள்ளே நுழைந்ததும் யூனிஃபார்ம் போட்டவரைக் காட்டி, "என்னைக் காணோம் என்றால் இந்தச் சட்டை போட்டவரிடம் போ" என்று சொல்லுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் இருக்கும் இடங்களைப் பாருங்கள். அப்புறம்தான் கடைகளும் கழிப்பறையும்.

கார் இல்லை. பஸ்ஸில் மலம்புழா போய் வர முடியுமா? (கோவை, போத்தனூர்)

தாராளமாக. உக்கடத்தில் பாலக்காடு பஸ், அங்கிருந்து மலம்புழா பஸ். ரயில் என்றால் பாலக்காடு ஜங்ஷனில், அதாவது ஒலவக்கோட்டில் இறங்குங்கள், அங்கிருந்து மலம்புழா பக்கம்.

பிள்ளை ரைடைப் பார்த்தே அழுகிறான். ஒரு தடவை ஏற்றிவிட்டால் பயம் போய்விடும் என்கிறார் இவர். (பொள்ளாச்சி, ஆனைமலை)

போகாதுங்க. பூட்டிய கம்பிக்குள் கதறிக்கொண்டு வந்த பிள்ளைகளை எங்கள் அறையில் படுக்க வைத்திருக்கிறேன். அடுத்த முறை அந்த வாசலையே தாண்ட மாட்டார்கள். ஓரமாக நின்று மற்றவர் ஏறி இறங்குவதைப் பார்க்கட்டும். கேட்டால் ஏற்றுங்கள், கேட்காவிட்டால் கை கழுவும் குழாயடியிலேயே ஒரு மணி நேரம் விளையாடினாலும் விடுங்கள். அந்த நாள் அவனுடையது. டிக்கெட் காசுக்கு எத்தனை ரைடு ஏறினோம் என்று கணக்குப் பார்க்கும் வீடுகளில்தான் சாயங்காலம் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள். சின்னப் பிள்ளை நன்றாக இருக்கும்போதே, மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ, கிளம்பிவிடுங்கள் என்று உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாளைக்கு டிக்கெட் போட்டாயிற்று. நேற்று ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், இப்போது இல்லை. போகலாமா? (தத்தமங்கலம்)

போக வேண்டாம். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருக்கட்டும், பழையபடி சாப்பிட்டு ஓடி ஆடட்டும், அப்புறம் பார்க்கலாம். இப்போதே அவர்களுக்குப் போன் போட்டுத் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்.