கணவர் கலிபோர்னியா, மனைவி டெக்சாஸ்: டாக்ஸ் எப்படி ஃபைல் பண்ணுவது?

"நான் டல்லாஸில், கணவர் சான் ஹோசேயில். தனித்தனியாக ஃபைல் பண்ணினால் கலிபோர்னியா என் சம்பளத்தில் கை வைக்காதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் சன்னிவேலில், மனைவி ஆஸ்டினில்.

முதலில் ஃபெடரல், அதாவது மத்திய அரசு வரி. அதில் சிக்கலே இல்லை. டிசம்பர் 31 அன்று நீங்கள் தம்பதி என்றால் ஜாயின்ட்டாக ஃபைல் பண்ணலாம். யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை ஐஆர்எஸ் (மத்திய வரித் துறை) பொருட்படுத்தாது. தனியாகப் போட்டால் படிப்புச் செலவுக்கான கிரெடிட், கல்விக்கடன் வட்டிக் கழிவு எல்லாம் போய்விடும். பெரும்பாலோருக்கு ஜாயின்ட்தான் லாபம்.

வில்லங்கம் ஸ்டேட் ரிட்டர்னில்தான். டெக்சாஸில் வருமான வரி கிடையாது, மனைவியின் டபிள்யூ-2 படிவத்தில் (ஆபீஸ் தரும் ஆண்டுச் சம்பளக் கணக்கு) ஸ்டேட் சம்பளக் கட்டம் காலியாகவே வரும். அதனால் அந்தப் பணத்துக்கு எங்கேயும் மாநில வரி இல்லை என்று தோன்றும். ஆனால் டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டுமே கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலங்கள். கல்யாணத்துக்குப் பிறகு யார் சம்பாதித்தாலும் ஆளுக்குப் பாதி என்பது அங்கே சட்டம். டல்லாஸில் நீங்கள் வாங்கும் சம்பளத்தில் பாதி, டெக்சாஸ் சட்டப்படியே உங்கள் கணவருடையது. அவர் கலிபோர்னியாவாசி. அங்கே வசிப்பவரின் வருமானம் எங்கிருந்து வந்தாலும் கலிபோர்னியா வரி போடும்.

உதாரணத்துக்கு, உங்களுக்கு 1,20,000 டாலர், அவருக்கு 1,60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 1,60,000 முழுவதும் கலிபோர்னியா கணக்கில் வரும். அதில் உங்கள் பாதியும் அங்கே சம்பாதித்ததுதானே. அதோடு உங்கள் சம்பளத்தில் பாதி, 60,000, அவர் பங்காகச் சேரும். அந்த 60,000-க்கு மட்டும் கிட்டத்தட்ட 4,000 டாலர் கூடுதல் வரி வரலாம். அவருடைய ஆபீஸ் பிடிக்கும் வரியில் இது அடங்காது, ஏப்ரலில் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

சரி, தனித்தனியாகப் போட்டால்? அப்போதும் ஆளுக்குப் பாதி என்றுதான் பிரித்துக் காட்ட வேண்டும். ஃபெடரலில் அதற்கென்றே 8958 என்று ஒரு படிவம் இருக்கிறது. "ஃபெடரல் ஜாயின்ட், கலிபோர்னியா மட்டும் தனி" என்று ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால் வெளிமாநிலத் துணைக்குக் கலிபோர்னியா வருமானமே இருக்கக் கூடாது. கணவர் சம்பளத்தில் பாதி உங்களுடையது ஆகிவிடுவதால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. கடைசியில் 540என்ஆர் படிவத்தில் (கலிபோர்னியாவில் வசிக்காதவர்களுக்கான ரிட்டர்ன்) ஜாயின்ட்டாகத்தான் போட வேண்டிவரும். வேலைக்காகப் பிரிந்திருப்பதை "பிரிந்து வாழ்வது" என்று காட்டவும் முடியாது. அது மணவாழ்க்கையை முடித்துக்கொண்டவர்களுக்கு.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் டல்லாஸுக்குப் பதில் மயாமியில் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ளோரிடாவிலும் வருமான வரி கிடையாது, ஆனால் அங்கே அவரவர் சம்பளம் அவரவருக்கு. வருமானத்தை உனது, எனது என்று ஒப்பந்தம் எழுதிப் பிரித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் நாளைக்கு வீடு, சொத்து என்று எல்லாவற்றையும் அது தொடும். வரிக்காக மட்டும் அதில் இறங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, லாங் வீக்கெண்டுக்கு சான் ஹோசே போய் அங்கிருந்தே லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலை பார்த்தால், அந்த நாட்களின் சம்பளம் கலிபோர்னியாவில் சம்பாதித்ததாக ஆகிவிடும். எங்கள் வீட்டில் மனைவி அந்த நாட்களைத் தனியாகக் குறித்துவைக்கிறாள்.

சாஃப்ட்வேரில் நீங்களே போடுவதாக இருந்தால், ஆளுக்கொரு ஸ்டேட் கொடுத்தாலும் கம்யூனிட்டி வருமானத்தை அது தானாகப் பிரித்துவிடும் என்று நம்ப வேண்டாம். முதல் வருஷமாவது இரு மாநிலத் தம்பதிகளுக்குப் போட்டுப் பழகிய சிபிஏ (கணக்காளர்) ஒருவரிடம் கொடுங்கள்.