புது ஊரில் முதலில் குடித்தனக்காரராக இருங்கள்

கேள்வி: வீடுகளை வாங்கி வாடகைக்கு விடுவதுதான் என் முழுநேரத் தொழில். இப்போது இருக்கும் ஊரில் மூன்று வீடுகள் வைத்திருக்கிறேன். இங்கே விலை ஏறிவிட்டதால் இனி வாங்கினால் கட்டுப்படியாகாது. விலை குறைவாக இருக்கும், வளர்ந்துவரும் வேறு ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட நினைக்கிறேன். அங்கே யாரையும் தெரியாது. மூன்றையும் விற்றுவிட்டுப் போகட்டுமா? போவதற்கு முன்பே அங்கே ஒரு வீடு வாங்கிவிடட்டுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்க வேண்டாம். போய், ஒரு வருடமாவது வாடகை வீட்டில் இருங்கள்.

இப்போதைய ஊரில் எந்தத் தெருவில் வீடு காலியானால் ஒரே வாரத்தில் ஆள் வரும், எந்தத் தெருவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இத்தனை நாள் நீங்கள் சம்பாதித்ததே அதை வைத்துத்தான். புது ஊரில் அது புரோக்கருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியும், உங்களுக்கு மட்டும் தெரியாது. அந்த நிலையில் பேரம் பேச உட்காரக் கூடாது.

எந்தப் பகுதியில் வாங்க ஆசையோ, அங்கேயே வாடகைக்கு வீடு தேடுங்கள். தேடும்போதே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஓனர் முதலில் சொல்லும் வாடகை ஒன்று, கடைசியில் படிவது ஒன்று. இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே ஆள் கிடைப்பது கஷ்டம் என்று அர்த்தம். ‘வீடு வாடகைக்கு’ பலகைகளைக் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து அதே தெருவில் நடந்து பாருங்கள். அதே கேட்டில் அதே பலகை வெயிலில் வெளுத்துத் தொங்கினால் காரணத்தை விசாரியுங்கள். இரவு எட்டு மணிக்கு எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். ஒரு மழைக்காலமாவது அங்கே இருக்க வேண்டும். வெயில் நாளில் காட்டப்படும் வீட்டில், முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறையைப் புது பெயின்ட் மறைத்திருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரில் அது அப்படியே இருக்கும்.

‘விலை குறைவு, வளர்ந்துவருகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். வளர்கிறது என்று யார் சொன்னது? விற்பவர்கள் சொன்னதென்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த ஊர் எத்தனை தொழில்களை நம்பி ஓடுகிறது என்று பாருங்கள். கார் தொழிலைப் பெரிதும் நம்பியிருந்த அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020இல் சுமார் 6.4 லட்சம். 2013இல் அந்த நகராட்சியே திவால் மனு கொடுத்தது. அங்கே வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போனபோது, மலிவு என்று வாங்கிப்போட்டவர்கள் பலருக்கு வரியும் ரிப்பேரும்தான் மிஞ்சின. மருத்துவமனை, கல்லூரி, அலுவலகங்கள், தொழிற்சாலை என்று நாலு விதமாக வேலை இருக்கும் ஊரில், ஒன்று படுத்தாலும் குடிவர ஆள் இருக்கும்.

கணக்குப் போடும்போது கையை இறுக்கியே போடுங்கள். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலே ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வரி, காப்பீடு, ரிப்பேர், காலி மாதங்கள் எல்லாம் சேர்ந்து வாடகையில் பாதியைத் தின்றுவிடும், கடன் தவணை தனி என்று முதலீட்டாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். புது வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் தெரியாத ஊரில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கையிலிருக்கும் மூன்று வீடுகள். எல்லாவற்றையும் ஒரேயடியாக விற்காதீர்கள். அந்த வாடகைதான் இப்போது உங்கள் சம்பளம். புது ஊரில் கடன் கேட்டுப் போனால் வங்கி பார்க்கப்போகும் வருமானமும் அதுவே. மூன்றில் அதிகம் தலைவலி தரும் வீட்டை மட்டும் விற்றுக் கைக்காசாக வைத்துக்கொள்ளுங்கள். வரியும் கமிஷனும் போக எவ்வளவு மிஞ்சும் என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மற்ற இரண்டையும் பார்த்துக்கொள்ள, குழாய் உடைந்தால் உங்கள் ஒரு போனுக்கு ஓடிவரும் பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் இருக்கிறார்களா? இருந்தால் தூரத்திலிருந்தே சமாளிக்கலாம்.

ஒன்று மனதை உறுத்துகிறது. குடும்பத்தோடு போவதாகச் சொல்கிறீர்கள். அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலீட்டுக்காக மட்டும் என்றால் குடியே மாற வேண்டியதில்லை, அடிக்கடி போய்வந்தே செய்யலாம். குடி மாறுவதென்றால் அவர்களுடைய வேலை, படிப்பு, சிநேகிதம் எல்லாமே மாறும். அவர்களுக்கு அந்த ஊர் ஒத்துவரவில்லை என்றால், வாடகை வீட்டைச் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம். வாங்கிய வீட்டை அப்படி உதற முடியாது.

வருடம் முடிந்து அந்த ஊர் பிடித்துப்போனால், முதல் வீட்டைச் சின்னதாக, மறுபடி விற்கச் சுலபமானதாக வாங்குங்கள். புரோக்கர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். நீங்களே விசாரித்துப் பிடித்த வக்கீலிடம் பத்திரத்தைக் கொடுத்து, அவர் வில்லங்கம் இல்லை என்று சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள்.